முதுகலைப் பொருளியல்: செலவா, முதலா?

சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் அண்மையில் நடைபெற்ற கல்வி விளக்கக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர் வழங்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகள் பொருளியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் மாதம் 2,500 ரிங்கிட் சம்பளத்தில் வேலை பார்க்கிறார். ஆயினும் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிச் சென்று முதுகலைப் பட்டம் படிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

"ஐயா, ஒரு பட்டம் வாங்கியாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று. இன்னொரு பட்டம் எதற்கு? என் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்" என்று தந்தை கேட்டார். "அப்பாவின் பணம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன், சார். ஆனால் படிக்க வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது" என்றார் மகள்.

நின்ற இடத்தில் நின்றபடியே விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று அது. நம் தோட்டங்களிலிருந்து பட்டதாரிகள் பலர் உருவாகிவரும் இந்நாளில், இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கக்கூடும். எனவே அதற்குரிய விடையை ஈண்டு விரிவாகக் காண்போம்.

பொருளியல் எதை ஆராய்கிறது?

பொருளியல் என்றதும், பணம் சேர்க்கும் வித்தை என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர் வங்கிக் கணக்கு எழுதும் படிப்பு என்று கருதுகின்றனர். இரண்டும் சரியல்ல. மக்கள் தம்மிடமுள்ள குறைந்த வளங்களைக் கொண்டு எவ்வாறு வாழ்கின்றனர், அவர்கள் எடுக்கும் முடிவுகள் பிறரை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய்வதே பொருளியல்.

நமக்கு நன்கு அறிமுகமான ரப்பரையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போருக்குப் பின்னர் ரப்பர் விலை வீழ்ந்தது. விலையை நிமிர்த்த எண்ணிய பிரிட்டிஷ் அரசாங்கம், 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் ரப்பருக்கு வரம்பு விதித்தது. ஸ்டீவன்சன் திட்டம் என்பது அதன் பெயர். விலை ஏறத்தான் செய்தது. ஆனால் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் அத்திட்டத்தில் சேரவில்லை. ஏறிய விலையைக் கண்ட அங்குள்ள சிறு தோட்டக்காரர்கள் மேலும் மேலும் ரப்பர் உற்பத்தி செய்தனர். சந்தையில் நம் பங்கு குறைந்து அவர்கள் பங்கு கூடியது. 1928-ஆம் ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. "இங்கே நாம் விலையை ஏற்றினால் பக்கத்து நாட்டான் என்ன செய்வான்?" என்ற கேள்விக்குத் தக்க விடை காணாமல் வகுக்கப்பட்ட திட்டம் அது. அத்தகைய கேள்வியை முன்கூட்டியே கேட்கப் பழக்குவதே பொருளியல் கல்வியாகும்.

மற்றோர் எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக விளங்கியவர் பேராசிரியர் உங்கு அஜிஸ். அவர் ஒரு பொருளியலறிஞர். கிராமப்புற வறுமையை எவ்வாறு அளப்பது என்று அவர் ஆராய்ந்தார். வருமானத்தைக் கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆகவே, ஒரு வீட்டில் எத்தனை சாரோங்குகள் உள்ளன என்று எண்ணி, அதனை அவ்வீட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்டோரின் எண்ணிக்கையால் வகுத்தார். அதுவே சாரோங் குறியீடு எனப்பட்டது. கொடியில் காயும் துணியிலிருந்து ஒரு குடும்பத்தின் நிலையை அறிய முடியும் என்று கண்டுகொள்ள, கணக்கறிவோடு மக்கள் வாழ்வைப் பற்றிய அறிவும் வேண்டும்.

முதுகலையில் புதிதாக என்ன?

இளங்கலை வகுப்பில், பிறர் கண்டறிந்தவற்றை மாணவர் கற்கிறார். முதுகலை வகுப்பில், விடை தெரியாத கேள்விக்குத் தாமே விடை தேடும் முறையைக் கற்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதுதான்.

முதுகலையில் மூன்று அடிப்படைப் பாடங்கள் உள்ளன. தனி மனிதரும் நிறுவனமும் எடுக்கும் முடிவுகளை ஆராய்வது நுண்ணினப் பொருளியல். விலைவாசி, வேலையின்மை, நாட்டின் மொத்த வருமானம் ஆகியவற்றை ஆராய்வது பேரினப் பொருளியல். மூன்றாவது, ஆங்கிலத்தில் எக்கோனோமெட்ரிக்ஸ் என வழங்கும் பொருளாதார அளவையியல். மாணவர் பலர் அஞ்சுவதும், பிற்காலத்தில் சோறு போடுவதும் இந்த மூன்றாம் பாடமே.

அதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு தோட்டத்தில் இவ்வாண்டு ரப்பர்ப் பால் குறைந்துவிட்டது என்க. மழை நாள்கள் கூடியதால் குறைந்ததா? மரங்கள் முதிர்ந்ததால் குறைந்ததா? ஆள் பற்றாக்குறையால் சில நிரைகள் சீவப்படாமல் விடப்பட்டதால் குறைந்ததா? மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்திருந்தால், எதன் பங்கு எவ்வளவு? மேலாளர் ஒன்றைச் சொல்வார். மண்டோர் ஒன்றைச் சொல்வார். மரம் சீவும் தொழிலாளர் மற்றொன்றைச் சொல்வார். பல ஆண்டுகளின் கணக்கையும் பல நிரைகளின் கணக்கையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் முறையே அளவையியல் ஆகும்.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றிய வாதமும் இத்தகையதே. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. அப்போது தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட்டாக இருந்த அத்தொகை, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சம்பளம் உயர்ந்தால் வேலை குறையும் என்பது பழைய பாடநூல்களின் கூற்று. அமெரிக்காவில் டேவிட் கார்ட், ஆலன் குருகர் என்னும் இருவர் இக்கூற்றைச் சோதித்தனர். 1992-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தியது. அடுத்திருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு மாநிலங்களின் துரித உணவகங்களிலும், உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்தனர் என்று அவர்கள் ஒப்பிட்டனர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அறிகுறி காணப்படவில்லை. 1994-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் பற்றிய விவாதம் நெடுங்காலம் நீடித்தது. கார்டுக்கு 2021-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. துரித உணவகத்தில் கண்டது தோட்டத்திற்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதனை ஆராய்ந்து அறியும் ஆற்றலைத் தருவது முதுகலைக் கல்வி.

சேரும் தகுதியும் கால அளவும்

முதுகலைப் படிப்பு மூவகைப்படும். வகுப்புகளுக்குச் சென்று தேர்வு எழுதுவது ஒரு வகை. ஆய்வு மட்டும் செய்து ஆய்வேடு எழுதுவது இரண்டாம் வகை. இரண்டும் கலந்தது மூன்றாம் வகை. முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் குறைந்தது 40 கிரெடிட் மணிகள் வேண்டும் என்பது எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி அங்கீகார நிறுவனத்தின் விதி. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, பயிற்சி அனைத்தும் அதில் அடங்கும். ஆக, மொத்தம் 1,600 மணி நேரம். முழுநேரம் படிப்போர் ஓராண்டு முதல் இரண்டாண்டுகளில் முடிக்கலாம். பகுதிநேரம் படிப்போருக்கு அதனினும் கூடுதலான காலம் பிடிக்கும்.

பொதுவாக இளங்கலையில் 2.50 அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிப் புள்ளி எதிர்பார்க்கப்படுகிறது. இளங்கலைப் பட்டம் இல்லாதவருக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. முப்பது வயதைக் கடந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா கல்வியும் துறை சார்ந்த பணி அனுபவமும் உடையோர், ஏபெல் எனப்படும் அனுபவ மதிப்பீட்டின் மூலம் விண்ணப்பிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய புத்ரா பல்கலைக்கழகம், வட மலேசியப் பல்கலைக்கழகம் முதலிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் உயர்கல்வி கற்பிக்கப்படுகிறது. விண்ணப்பிக்கும் முன், படிப்பு அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை எம்.கியூ.ஏ. பதிவேட்டில் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

எந்த வேலைக்கு உதவும்?

வேலைகளை இங்கு மூன்று வகையாகப் பிரித்து நோக்குவது தெளிவைத் தரும்.

முதல் வகை, முதுகலை ஏறத்தாழ நுழைவுச் சீட்டாகவே அமையும் வேலைகள். பொருளியல் ஆய்வாளர், கொள்கை ஆய்வாளர், தனியார் பல்கலைக்கழக விரிவுரையாளர் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. 1959-இல் தொடங்கப்பட்ட பேங்க் நெகாரா, கசானா ஆய்வுக் கழகம், மலேசியப் பொருளியல் ஆய்வுக் கழகம், வங்கிகளின் ஆய்வுப் பிரிவுகள் ஆகிய இடங்களில் இப்பயிற்சிக்கு மதிப்புண்டு. நம் தோட்டத் தொழிலோடு நேரடித் தொடர்புடைய மலேசிய ரப்பர் வாரியத்திலும் (1998), மலேசியச் செம்பனை வாரியத்திலும் (2000) விலை, உற்பத்தி, வேலையாட்கள் பற்றிய ஆய்வுகள் நடைபெறுகின்றன. அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளராக விரும்புவோர் முதுகலையோடு நிற்க இயலாது. முனைவர் பட்டத்தையும் நோக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாம் வகை, முதுகலை துணை செய்யும் வேலைகள். ஆனால் அது கட்டாயமன்று. அரசாங்க நிர்வாக அதிகாரிப் பதவிக்கு இளங்கலைப் பட்டமே போதும். பொருளாதார அமைச்சு, நிதியமைச்சு, புள்ளிவிவரத் துறை ஆகியவற்றில் பணியில் சேர்ந்த பின்னர், மேற்படிப்பு பொறுப்பான பணிகளைப் பெற உதவும். தொழிற்சங்கங்களுக்கும் இத்தகையோர் தேவை. கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முதலாளி தரப்பு கணக்கோடு வரும்போது, தொழிலாளர் தரப்பும் கணக்கோடு அமர வேண்டும் அன்றோ?

மூன்றாம் வகை, முதுகலையால் சம்பளத்தில் ஒரு காசும் கூடாத வேலைகள். சாதாரண அலுவலக நிர்வாகம், விற்பனை, கணக்குப் பதிவு ஆகியன இவ்வகையின. கணக்காய்வுத் துறைக்குச் செல்ல விரும்புவோருக்கு, முதுகலைப் பொருளியலைவிடக் கணக்காளர் தொழில்முறைத் தேர்வுகளே ஏற்றவை. இதனை மறைத்து, எல்லாருக்கும் எல்லாப் பயனும் உண்டு என்று எழுதுவது நேர்மையாகாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

படிப்புச் செலவு என்றால் கட்டணம் என்றே பெற்றோர் நினைக்கின்றனர். அதனினும் பெரிய செலவு ஒன்று உண்டு. வேலையை விடுவதால் இழக்கும் சம்பளமே அது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்பர்.

நாம் சந்தித்த மகளையே எடுத்துக்கொள்வோம். அவர் வேலையை விட்டுவிட்டுப் பதினெட்டு மாதங்கள் படிக்கிறார் என்க. மாதம் 2,500 ரிங்கிட் வீதம் இழப்பு 45,000 ரிங்கிட். கட்டணமும் நூல்களும் சேர்ந்து 15,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இடத்திற்கு இடம் மாறும். இது கணக்கு புரிவதற்காக நாம் எடுத்துக்கொண்ட தொகை. ஆக மொத்தம் 60,000 ரிங்கிட். உணவும் உறைவிடமும் வேலை பார்த்தாலும் ஆகும் செலவாதலின் அவற்றைச் சேர்க்கவில்லை. படிப்பு முடிந்து கிடைக்கும் வேலையில் மாதம் 600 ரிங்கிட் கூடுதலாக வந்தால் ஆண்டுக்கு 7,200 ரிங்கிட். போட்ட முதலைத் திரும்பப் பெற எட்டாண்டுகளுக்கும் சற்று மேலாகும். கூடுதல் 300 ரிங்கிட்தான் என்றால் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஆகும்.

இனி, வேலையை விடாமல் பகுதிநேரமாக மூன்றாண்டுகள் படிக்கிறார் என்க. கட்டணத்தோடு போக்குவரத்துக்கு 3,000 ரிங்கிட் சேர்த்தால் செலவு 18,000 ரிங்கிட். அதே 600 ரிங்கிட் உயர்வு கிடைத்தால் இரண்டரை ஆண்டுகளில் முதல் கைக்கு வந்துவிடும். மேலும், வேலையில் இருப்பவரின் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும் தொடர்ந்து சேரும். 2,500 ரிங்கிட் சம்பளத்திற்கு அது 13 விழுக்காடு; பதினெட்டு மாதங்களில் 5,850 ரிங்கிட். முழுநேரம் படிப்போர் இதனையும் இழக்கின்றனர்.

பகுதிநேரப் படிப்பு எளிதென்று நாம் கூறவில்லை. மாலையிலும் வார இறுதியிலும் வகுப்புக்குச் செல்வது உடலை வருத்தும். இடையில் நிறுத்திவிட்டால் செலவழித்த பணம் வீணாகும். வீட்டார் அந்த மூன்றாண்டுகள் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டால்தான் அது கைகூடும். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது மிகவும் தேவையான உதவியாகும்.

பணத்திற்கு எங்கே போவது?

முதலில், பிறர் பணத்தைத் தேட வேண்டும். உயர்கல்வி அமைச்சு முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு மைபிரேன் என்னும் பெயரில் உதவித் திட்டங்களை நடத்தி வந்துள்ளது. அதன் விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். அரசாங்க ஊழியர்கள் பொதுச்சேவைத் துறையின் பயிற்சி உபகாரச் சம்பளத்திற்கு முயலலாம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிக்க, அந்நாட்டு அரசாங்கம் செவெனிங் உபகாரச் சம்பளம் வழங்குகிறது; பணி அனுபவம் உடையவரே அதற்கு விண்ணப்பிக்க இயலும். ஆய்வு வழியில் படிப்போருக்குப் பேராசிரியரின் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றி ஊதியம் பெறும் வாய்ப்பும் உண்டு.

இரண்டாவது, மாணவரின் சொந்தச் சேமிப்பு. தமக்கெனச் செலுத்தும் கல்விக் கட்டணத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கோரலாம். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உடையோருக்கே அதனால் பயன்.

மூன்றாவதும் இறுதியானதுமே பெற்றோரின் சேமநிதி. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க விதி இடமளிக்கிறது. விதி இடமளிக்கிறது என்பதற்காக எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. முப்பது ஆண்டுகள் குலை வெட்டிய தோளுக்கு முதுமையில் ஓய்வு தரும் பணம் அது. மகளுக்கு இருபத்து நான்கு வயது. சம்பாதிக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் உள்ளன. தந்தைக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. வட்டிக்காரரிடம் கடன் வாங்கிப் படிக்க வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இத்துறையில் என்ன இடம்?

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவில் 1915-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆர்தர் லூயிஸ். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயே ஐந்து ஆண் மக்களையும் வளர்த்தார். லூயிஸ் பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை முடித்து, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தரானார். பொறியியலாளராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால் அரசாங்கமோ வெள்ளையர் நிறுவனங்களோ கறுப்பினத்தவர் ஒருவருக்கு அவ்வேலையைத் தரமாட்டா என்று உணர்ந்து, உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். இளங்கலையோடு நில்லாமல், மீண்டும் உபகாரச் சம்பளம் பெற்று 1940-இல் முனைவரானார்.

1954-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் அவர் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். கரும்புத் தோட்டங்களில் விளைச்சல் பன்மடங்கு பெருகியும், கரும்பு வெட்டுவோர் ஏன் ஏழைகளாகவே உள்ளனர்? கோதுமை விளைவிக்கும் நாடுகளின் உழைப்பாளர் மட்டும் எவ்வாறு செழிப்பாக வாழ்கின்றனர்? தொழிலாளர் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறாரோ, அந்தக் கிராமத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வருமானமே தோட்டத்துக் கூலியின் அளவைத் தீர்மானிக்கிறது என்றார் லூயிஸ். கிராமம் வறுமையில் இருக்கும் வரை தோட்டத்தில் கூலி உயராது. விளைச்சல் பெருக்கத்தின் பயன் பொருளை வாங்குவோருக்கே போய்ச் சேரும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி மலாயாவின் ரப்பர்க் காட்டுக்கு வந்த நம் பாட்டன் பாட்டியரின் கூலிச் சீட்டை இக்கருத்தோடு வைத்துப் பார்க்கும்போது, பல உண்மைகள் விளங்கும். 1979-ஆம் ஆண்டில் லூயிஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கரும்புத் தீவில் வளர்ந்தவர் கரும்புத் தோட்டத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டார். செக்ரோல் என்றால் என்ன, விலை போனஸ் என்றால் என்ன, மழை பெய்த நாளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளை வாழ்ந்து அறிந்தவை. புள்ளிவிவரத்தில் ஒரு வரியாக வரும் மழைநாள் இழப்பை அவர் வீட்டில் ஒரு வேளைச் சோறாகக் கண்டிருக்கிறார். அந்த அறிவோடு அளவையியல் பயிற்சியும் சேருமானால், தோட்டத்து மக்களைப் பற்றிய ஆய்வுகளை அவரே எழுதலாம்.

தந்தைக்கு நாம் கூறும் விடை

ஆகவே, அந்தத் தந்தைக்கு நாம் கூறுவது இதுதான். ஐயா, உங்கள் மகள் படிக்கட்டும். ஆனால் இன்றே வேலையை விட வேண்டாம். முதலில் அவர் எந்த வேலையை நாடுகிறார் என்பதை எழுதி வைக்கட்டும். அந்த வேலைக்கான மூன்று விளம்பரங்களைத் தேடி எடுத்து, முதுகலை கேட்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். கேட்கப்பட்டிருந்தால், ஓராண்டு சேமித்து, அந்த ஓராண்டில் கணிதத்தையும் புள்ளியியலையும் புதுப்பித்துக்கொண்டு, உபகாரச் சம்பளத்திற்கும் பகுதிநேர இடத்திற்கும் ஒருசேர விண்ணப்பிக்கட்டும். முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் முழுநேரம் படிக்கலாம். கிடைக்காவிடில் பகுதிநேரம் படிக்கலாம்.

உங்கள் சேமநிதி அப்படியே இருக்கட்டும். நீங்கள் கொடுக்க வேண்டியது வேறு. வகுப்பு முடிந்து இரவில் அவர் வீடு திரும்பும்போது, "இன்னும் எத்தனை காலம்?" என்று கேளாதிருங்கள். அன்றைக்கு என்ன படித்தார் என்று கேளுங்கள்.